குளிரூட்டும் நீர் எப்படி ஓட வேண்டும்?

கிள்ளான் மாவட்டத்தில், மலாக்கா நீரிணையை ஒட்டிக் காப்பார் மின் நிலையம் அமைந்துள்ளது. அங்குக் கொதிகலனில் உருவாகும் நீராவி சுழலியைச் சுற்றுகிறது; சுழலி மின்னாக்கியை இயக்குகிறது. வேலை முடிந்த நீராவியை மீண்டும் நீராக்கினால்தான் கொதிகலனுக்கு அனுப்ப முடியும். இதற்குக் கடல்நீர் உதவுகிறது. ஒடுக்கி எனும் கலனுக்குள் உள்ள மெல்லிய குழாய்களில் கடல்நீர் ஓட, அவற்றின் வெளிப்புறத்தில் நீராவி குளிர்ந்து நீராகிறது. இந்தக் குளிரூட்டல் குறைந்தால் ஒடுக்கியினுள் அழுத்தம் கூடும். அதே அளவு எரிபொருளை எரித்தும் கிடைக்கும் மின்சாரம் குறைந்துவிடும்.

அப்படியானால், குழாயில் நீர் அமைதியாக ஓட வேண்டுமா, கொந்தளித்து ஓட வேண்டுமா?

1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், மான்செஸ்டரில் ஒரு சோதனையை நடத்தினார். கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நேர்கோடாகச் சென்றது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இழை கலைந்து நீரெங்கும் பரவியது. முன்னது வரிச்சீர் ஓட்டம். பின்னது சுழற்சி ஓட்டம். வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, நீரின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். குழாயில் அது சுமார் 2,000-க்குக் கீழ் இருந்தால் வரிச்சீர் ஓட்டம். 4,000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சுழற்சி ஓட்டம்.

வரிச்சீர் ஓட்டத்தில் நீர்ப்படலங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. சுவரை ஒட்டிய படலம் சூடாகிவிடும். நடுவில் செல்லும் குளிர்ந்த நீரோ வெப்பத்தை அதிகம் ஏற்காமலே வெளியேறிவிடும். சூடான மைலோ கோப்பையைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து ஆற்றும்போது, சட்டியிலுள்ள நீரைக் கலக்கிவிடுகிறோம் அல்லவா? சுழற்சி ஓட்டம் அந்த வேலையைத் தானாகவே செய்கிறது. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில், 30 பாகை செல்சியசு நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 50,000 ஆகும். அதே குழாயில் வரிச்சீர் ஓட்டம் வேண்டுமானால், வேகம் வினாடிக்கு 8 சென்டிமீட்டராகச் சுருங்க வேண்டும்! அவ்வளவு மெதுவாக ஓடினால் கடல்நீரிலுள்ள சேறும் குழாயில் படிந்துவிடும்.

எனினும், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. சுழற்சி ஓட்டத்தில் வேகத்தை இரு மடங்காக்கினால், நீர் வெப்பத்தை ஏற்கும் திறன் ஏறத்தாழ 1.7 மடங்குதான் உயரும். இறைப்பிக்குத் தேவையான ஆற்றலோ ஏறத்தாழ 7 மடங்காகும். குழாயின் உட்சுவரும் அரிக்கப்படும். ஆகவே, பொறியாளர்கள் இடைப்பட்ட வேகத்தையே தேர்ந்தெடுக்கின்றனர்.

கணினிச் சில்லில் கதை வேறு. 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டக்கர்மனும் பீசும், சிலிக்கானில் மயிரிழை போன்ற கால்வாய்களைச் செதுக்கி அவற்றில் நீரைச் செலுத்தினர். அங்கு நிகழ்ந்தது வரிச்சீர் ஓட்டமே. ஆனால், கால்வாயின் அகலம் சுமார் 50 மைக்ரோமீட்டர் மட்டுமே என்பதால், சுவரிலிருந்து நடுநீர் வரை வெப்பம் கடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு. கலக்கிவிட வேண்டிய தேவையே எழவில்லை.