தேரியைப் பார்த்த கண்ணுக்கு எந்தப் பாலைவனம் அழகு?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சென்ற டிசம்பரில் நானும் என் கணவரும் ஜெய்சல்மர் போய்வந்தோம். பாலைவனம் என்று எங்களை இறக்கிவிட்ட இடத்தில் மணலைவிட ஜீப்தான் அதிகம். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, கால் வைத்த இடமெல்லாம் ஒட்டகப் புழுக்கை, காலித் தண்ணீர் பாட்டில். மணலும் வெளிறிய மஞ்சள். "நம்ம ஊர்த் தேரியே இதைவிடச் செக்கச்செவேல்னு அழகா இருக்கே, இதுக்கா இத்தனை தூரம் ரயிலேறி வந்தோம்?" என்று கேட்டுவிட்டார் கணவர். துபாயில் வேலை பார்க்கும் மகன் அரபுப் பாலைவனம்தான் அழகு என்கிறான். மகள் லடாக்குக்குப் போகச் சொல்கிறாள். உண்மையில் எந்தப் பாலைவனம் அழகு? இன்னும் ஒரு பயணத்துக்குத்தான் கையில் சேமிப்பு இருக்கிறது.

— வாசகி, திசையன்விளை

பதில்: உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. நிறத்தை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் உங்கள் பக்கத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணல்மேடுகளிடம் ஜெய்சல்மர் தோற்றுத்தான் போகும். தேரி மணலின் ஒவ்வொரு துகள்மேலும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. எளிதாகச் சொன்னால் துரு. அந்தப் பூச்சு கூடக்கூடச் சிவப்பும் கூடும். உலகத்தின் பேர்பெற்ற சிவப்பு மணல்மேடுகளுக்கும் இதே துருதான் காரணம். ஆனாலும் தேரியைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தேரியில் பனையும் முந்திரியும் நிற்பது அதனால்தான்.

இந்த அளவுகோலில் மணல் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த சஹாராவிலேயே மணல் ஏறத்தாழக் கால்பங்குதான். மீதியெல்லாம் பாறையும் சரளையும். அன்டார்டிகாவும் கணக்குப்படி பாலைவனமே, அதுவும் உலகிலேயே பெரியது. ஆகவே மணல்மேட்டின் உயரத்தை வைத்து அழகை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் ஒரு பாலைவனத்துக்குப் போனால் முதலில் கேட்பது, 'இங்கே தண்ணீர் என்ன ஆனது?' என்பதைத்தான். வராமலே இருந்ததா, வந்து போனதா, வேறு உருவில் ஒளிந்திருக்கிறதா? அந்த நிலத்தின் முகத்தைச் செதுக்கியது அந்தக் கதைதான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு திரிவதே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நீங்கள் குறைபட்டுக்கொண்ட தார். அங்கே மழை குறைவு என்றாலும் அறவே இல்லாமல் போகவில்லை. பருவமழை நான்கு தூறல் தூறிவிட்டாவது போகும். அதனால் உலகிலேயே மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் ஒன்று தார். அதன் அழகும் மணலைவிட மனிதர்களிடமும் மரத்திடமும்தான் இருக்கிறது. வழியெல்லாம் ஒரு முள்மரத்தைப் பார்த்திருப்பீர்களே, அங்கே அதற்குக் கேஜ்ரி என்று பெயர். ராஜஸ்தானின் மாநில மரம். அது வேறு எதுவுமில்லை, நம் சிவன் கோயில்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அதை வெட்டவிடாமல் 1730-இல் கேஜட்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். இந்தக் கதை தெரிந்து அந்த மரத்தின் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உங்கள் பயணமே வேறாக இருந்திருக்கும். உங்களை இறக்கிவிட்ட இடம் ஜெய்சல்மரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணல்மேடாக இருக்கும். கூட்டமெல்லாம் அங்கேதான் குவியும். தென்மேற்கே குரி என்ற கிராமம் இருக்கிறது. மேடுகள் சிறியவை, சத்தமும் குறைவு. அங்கே போயிருந்தால் கணவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

அடுத்தது கட்ச். வெள்ளை ரண் என்பார்கள். மருந்துக்கும் மணல்மேடு கிடையாது. இங்கே தண்ணீர் ஆண்டுதோறும் வந்து போகிறது. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி நிலம் முழுக்க ஆழமில்லாத ஏரியாகிவிடும். மழை ஓய்ந்ததும் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் பாளமாகப் படியும். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு உப்பு புதிதில்லை. ஆனால் பாத்தி இல்லாத, வரப்பு இல்லாத, அடிவானம்வரை தடுக்க ஒன்றுமில்லாத உப்புவெளி வேறு. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். பௌர்ணமி இரவில் நிலமே வெளிச்சம் விடுவதுபோல் இருக்கும். பக்கத்திலுள்ள காலா டுங்கர் என்ற குன்றில் ஏறினால் முழு ரண்ணும் காலடியில் விரியும். நவம்பர் முதல் பிப்ரவரிவரை போகலாம். எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

மகள் சொல்லும் லடாக் குளிர்ப் பாலைவனம். மழைமேகத்தை இமயம் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் லே நகரில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அங்கே தண்ணீர் பனியாக மலையுச்சியில் இருக்கிறது. உருகி இறங்கும் ஓடை போகும் இடத்தில் மட்டும் வாற்கோதுமை வயலும் பாப்லர் மரமும் பச்சைக் கோடாக ஓடும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊதா, சாம்பல், காவி நிறத்தில் மொட்டை மலைகள். நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டரில் வெண்மணல் மேடும், பழைய வணிகச் சாத்துகளோடு வந்து தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகமும் உண்டு. பின்னால் பனிமலை, முன்னால் மணல், நடுவே ஓடை: மூன்றையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் நம் நாட்டில் இது. கிழக்கே ஹன்லே கிராமத்தில் இரவு வானத்தின் கருமை கெடாமல் காக்கிறார்கள். 2022-இல் அதை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ள தொலைநோக்கியை நடத்துவது, நம் காவலூர் வானாய்வு மையத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ஒரு எச்சரிக்கை: லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹன்லே இன்னும் உயரம். உங்கள் வயதில் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். போனாலும் முதல் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் அலையக் கூடாது.

மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சவூதி, ஓமன், ஏமன், ஐக்கிய அரபு அமீரகம் நான்கிலும் பரந்துகிடக்கும் ரூப் அல் காலி சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். இடைவெளியில்லாத மணல்பரப்பில் உலகிலேயே பெரியது. பெயருக்கு 'வெறுமையான கால்பகுதி' என்று பொருள். கடலோரத்தில் சிப்பித்தூள் கலந்து வெளிறிய மணல், உள்ளே போகப்போகத் துருவேறிச் சிவக்கும். அபுதாபிக்குத் தெற்கே லிவா பக்கம் போனால் மேடுமேடாக, அலைபோல, முடிவே இல்லாமல் போகும். துபாய் ஓரத்தில் ஜீப்பில் குலுக்கிக் காட்டும் அரைநாள் சவாரியோடு திரும்பினால் இதைப் பார்க்க முடியாது. அது இன்னொரு சம் மேடுதான். மகனிடம் லிவாவில் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

அரபு நிலத்தில் இன்னொரு அழகு ஜோர்டானின் வாதி ரம். இங்கே தண்ணீரும் காற்றும் நெடுங்காலம் அறுத்துவிட்டுப் போன மணற்பாறை மலைகள், சிவப்பு மணல் நடுவே கோபுரங்கள்போல் தனித்தனியாக நிற்கின்றன. 'ஆடுஜீவிதம்' படத்தைப் பார்த்திருந்தால் இந்த நிலத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அதன் பாலைவனக் காட்சிகளில் பெரும்பகுதி அங்கே எடுத்தவை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் சில காட்சிகளையும் அங்கேதான் எடுத்தார்கள். செவ்வாய்க் கிரகத்தைக் காட்ட 'தி மார்ஷியன்' படக்குழுவும் அங்கேதான் போனது. பாறைகளில் பழங்குடிகள் கீறிய உருவங்களும் எழுத்துகளும் இருக்கின்றன. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்தே இடம் கிடைத்தது.

தென்னமெரிக்காவின் அட்டகாமாவை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். துருவப் பகுதிகளை விட்டால் உலகின் மிக வறண்ட நிலம். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை மேகத்தை மறிக்கிறது, மறுபக்கம் குளிர்ந்த கடலோட்டம் மழையைக் கெடுக்கிறது. உப்புத் தட்டு, எரிமலை, வெந்நீர் ஊற்று எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி இருக்கும். எப்போதாவது மழை பெய்த ஆண்டில், மண்ணுக்குள் காத்துக்கிடந்த விதைகள் முளைத்துத் தரையெங்கும் ஊதா நிறப் பூ விரிக்கும். அற்புதம்தான். ஆனால் தூரமும் செலவும் நமக்கு மலை.

இத்தனைக்கும் பிறகு, கண்ணுக்கு அழகு எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் நமீப் என்பேன். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலோரமாக நீண்டுகிடக்கும் பாலைவனம். கடல் பக்கத்திலேயே இருந்தும் மழை கிடையாது. தண்ணீர் இங்கே மூடுபனியாக வருகிறது. விடியற்காலையில் கடலிலிருந்து எழுந்து மணல்மேட்டின்மேல் நகரும். ஒருவகை வண்டு மேட்டின் முகட்டில் ஏறி, தலையைக் கவிழ்த்து, பின்னுடலைத் தூக்கி நிற்கும். உடம்பில் படியும் பனித்துளி வழிந்து வாய்க்கு வரும். அதுதான் அதற்குக் குடிநீர். சொசுஸ்வ்லேய் பகுதியின் மேடுகள் சில 300 மீட்டரையும் தாண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு பக்கம் ஆரஞ்சுத் தணல், மறுபக்கம் கன்னங்கரிய நிழல். இரண்டையும் பிரிக்கும் முகட்டுக் கோடு கத்தியால் கீறியதுபோல் வளைந்து ஓடும்.

பக்கத்திலேயே டெட்வ்லேய் என்ற வெளி. முன்பு சௌசாப் ஆற்று வெள்ளம் அங்கே வந்து தேங்கி, வேல இனத்து மரங்கள் வளர்ந்திருந்தன. மணல்மேடு நகர்ந்து ஆற்றை மறித்தது. மரங்கள் பட்டுப்போய் ஏறத்தாழ 600, 700 ஆண்டுகள் ஆகின்றன. மட்கவும் ஈரம் வேண்டுமே! அதுகூட இல்லாததால் இன்றும் கரிக்கட்டைபோல் நின்றுகொண்டிருக்கின்றன. வெண்களிமண் தரை, கறுத்த மரம், சிவந்த மேடு, நீல வானம். நான்கே நிறம். தண்ணீர் வந்து போனதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி உங்கள் சேமிப்புக்கு வருவோம். கையில் ஒரு பயணம்தான் என்றால் நமீபியாவுக்குக் கடன் வாங்கிப் போகச் சொல்ல மாட்டேன். உடம்பு இடம்கொடுத்தால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் லடாக். உயரம் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்னால் கட்ச். மகன் பயணச்சீட்டு எடுத்துத் தருவதானால் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் லிவா. மூன்றுக்குள் என்னைக் கேட்டால், உங்கள் இருவருக்கும் கட்ச்தான் என்பேன். ஏறவும் வேண்டாம், மூச்சு வாங்கவும் வேண்டாம். தேரியோடு ஒப்பிட அங்கே மணலும் கிடையாது!

எங்கே போனாலும் மூன்றை மறக்க வேண்டாம். ஒன்று, பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்பது பிரிவின் கொடுமைக்குப் பொருந்தும், சுற்றுலாவுக்குப் பொருந்தாது. உச்சிவெயிலில் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் தெரியாது. விடிந்து ஒரு மணி நேரம், பொழுது அடைவதற்கு முன் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் காட்சி. இரண்டு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்துவிடுங்கள், வழிகாட்டியோடு. கூட்டம் அந்தத் தூரம் வராது. மூன்று, ரயிலுக்கு முன்பதிவு செய்யுமுன் நாள்காட்டியைப் பாருங்கள். உப்புவெளிக்குப் பௌர்ணமியில் போங்கள். மற்ற எந்தப் பாலைவனத்துக்கும் அமாவாசையில் போங்கள்.