காடியில் ஓடும் அம்பாசடர்

நூற்பாலையில் ரிங் ஃபிரேமின் கதிர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்று சுற்றும். கட்டைவிரலின் பாதி நீளமே உள்ள ஸ்லாட் கார் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அதுவும் அந்த 18,000-ஐத் தொட்டுவிடும். பாபநாசத்து அருவியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் ஆலை தொடங்கிய காலத்திலிருந்து, விக்கிரமசிங்கபுரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கதிரோடு பழகிய கைகள் இருக்கின்றன. வேகமாகச் சுற்றும் ஒன்றில் மயிரிழை ஆட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்லாட் கார் கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊரைத் தேடிப் போக வேண்டாம்.

விளையாட்டின் அமைப்பு எளிமையானது. பலகையில் ஓர் ஓடுபாதை. அதில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு காடி. காடியின் இரு கரையிலும் செம்புப் பட்டை. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். காரின் மூக்குக்கு அடியில் கைடு என்ற சிறு தகடு காடிக்குள் இறங்கி நிற்கும். கைடின் இரு பக்கமும் உள்ள செம்புக் கம்பிப் பின்னல் பட்டையைத் தடவியபடியே வந்து மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும். ஓட்டுபவரின் கையில் கன்ட்ரோலர், அதில் ஒரே ஒரு டிரிகர். ஸ்டியரிங் கிடையாது. வளைவுக்குள் எவ்வளவு வேகத்தோடு நுழைவது என்பது மட்டும்தான் அவர் எடுக்க வேண்டிய முடிவு. கூடிப்போனால் வால் வெளியே வீசும், கைடு காடியை விட்டு எழும்பும், கார் மேசைக்குக் கீழே கிடக்கும்.

இங்கிலாந்தின் மினிமாடல்ஸ் நிறுவனத்தில் சாவி கொடுத்து ஓடவிடும் தகரக் கார்களைச் செய்துகொண்டிருந்த ஃபிரெட் ஃபிரான்சிஸ், அவற்றுக்கு மின்மோட்டார் பொருத்தி, 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் வைத்தார். முதல் கார்களில் மசெராட்டி 250எஃப்பும் ஃபெராரி 375-உம் இருந்தன. ஜெர்மனியில் 1963-இல் கரெரா என்ற ஸ்லாட் கார் வகை வந்தது. அமெரிக்காவில் எட்டுத் தடம் கொண்ட பாதைகளோடு, காசு கொடுத்து ஓட்டும் கூடங்கள் 1960-களில் ஊர் ஊராகத் திறந்தன; பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடின. ஆனாலும் விளையாட்டு சாகவில்லை. 2009-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே, பழைய புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் இருந்த வழியிலேயே நாலே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்லாட் பாதை போட்டு ஓட்டிக் காட்டினார்.

தமிழ்நாட்டுக்கும் மோட்டார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறின. கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் வரை போனார். ஆனால் 1/32 அளவு ஸ்லாட் கார்களின் பட்டியலைப் புரட்டினால் போர்ஷேயும் ஃபெராரியும்தான் வரிசையாக வருகின்றன. நம் சாலையில் ஓடிய வண்டி வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். தொடங்குபவர்களுக்கு அம்பாசடரையே நான் சிபாரிசு செய்வேன். அதைவிடக் கடினமான கார் இல்லை. காரணம், அதன் உயரம்.

அளவைப் பாருங்கள். உண்மையான அம்பாசடரின் முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2,464 மி.மீ. 32-ஆல் வகுத்தால் சரியாக 77. அகலம் 1,662, அதாவது 52. உயரம் 1,593, ஏறக்குறைய 50. அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கிற வண்டி வளைவில் சாயாமல் என்ன செய்யும்? மாருதி 800-இல் இந்தக் கணக்கு 45-க்கு 44 என்று வரும். அதுவும் அதே குணம்தான். தரையோடு ஒட்டிய போர்ஷேயில் எந்தத் தவறும் வெளியே தெரியாது. அம்பாசடர் ஒன்றையும் மறைக்காது.

உடலுக்குப் பொம்மைக் கடைதான் வழி. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடர் திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போதே கையில் ஸ்கேல் வேண்டும். அச்சுகளுக்கு இடையே 77 மி.மீ. வந்தால் அது 1/32. 68 வந்தால் 1/36. போட்டிக்கு எடுக்காதீர்கள், அலமாரிக்கு அழகு.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பெட்டியைக் கழற்றி எறிந்தபின் முதல் வேலை மேலே இருக்கும் எடையைக் குறைப்பது. கண்ணாடி என்று பொருத்தியிருக்கும் தடித்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு ஓ.எச்.பி. ஷீட்டை வெட்டி ஒட்டலாம். கூரையின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கலாம். கூரையில் குறையும் ஒரு கிராம், அடியில் சேரும் பல கிராமுக்குச் சமம். பெயின்ட் அடிக்கும்போதும் இதே நினைப்பு வேண்டும். பளபளப்புக்காக மேலே மேலே அடித்த பூச்சு வளைவில் எதிரி.

அடுத்து அடியில் எடை. இதற்கு ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டே போதும். சுத்தியலால் தட்டித் தகடாக்கி, சேஸிஸின் தரையில் இரு பக்கமும் சமமாக ஒட்ட வேண்டும். கைடு எழும்பினால் சற்று முன்னே, வால் அதிகம் வீசினால் சற்றுப் பின்னே. அரை சென்டிமீட்டர் நகர்த்திவிட்டு ஐந்து சுற்று ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல ஆசான் கிடையாது. கார் முழு எடை 80, 90 கிராமுக்குள் நின்றால் நல்லது. ஈயம் நஞ்சு, தட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

சேஸிஸை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். அச்சு இடைத்தூரத்தை நீட்டிக் குறைக்கும் வகைகள் இருக்கின்றன. பித்தளைத் தகட்டை வெட்டிப் பற்றவைத்தும் செய்யலாம். பித்தளைக்கே எடை உண்டு, அதுவும் தரையோடு இருக்கும் என்பதால் எனக்கு அதுதான் பிடித்தது. இங்கேதான் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்களின் கண் உதவுகிறது. அப்படி ஒருவர் என் பித்தளை சேஸிஸைக் கையில் வாங்கிச் சக்கரத்தைச் சுண்டிவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மோட்டார மாத்துறது கெடக்கட்டும் தம்பி, ஆக்ஸில்ல ஆட்டம் இருக்குல்லா, அத மொதல்ல பாரு.” ஆக்ஸிலின் தடிமன் 2.38 மி.மீ. அது உட்காரும் புஷ் தளர்ந்தாலோ, இரு புஷ்களும் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ, அந்த நடுக்கம் டயர் வரை போகும். டயர் தரையைத் தட்டித் தட்டிப் பிடிக்கும். வளைவில் கார் துள்ளும். கண்ணாடித் துண்டின் மேல் காரை வைத்து நான்கு சக்கரமும் தொடுகிறதா என்று பார்ப்பது அவர் காட்டிக்கொடுத்த சோதனை. சக்கரத்தைக் கடைசலில் உருட்சி பிடித்துத் தருகிறவர்களும் அருகிலேயே உண்டு. மரச் செப்புச் சாமான் கடைகிற அம்பாசமுத்திரமும் கூப்பிடு தூரம்தான்.

டயருக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். புதிய ரப்பர் டயர் பார்வைக்கு வட்டமாக இருக்கும், சுற்றும்போது இருக்காது. ரிம்மில் பசை வைத்து ஒட்டிவிட்டு, பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் பின் டயர்களை மெல்ல அழுத்தி, மோட்டாருக்கு 4, 5 வோல்ட் கொடுத்துச் சுற்றவிட வேண்டும். முதலில் ஓரம் மட்டும் தேயும், பிறகு நடு, கடைசியில் முழு அகலமும் ஒரே நிறமாகும். அப்போது நிறுத்தலாம். முன் டயருக்கு இதற்கு நேர்மாறு: அவை தரையைப் பிடிக்கவே கூடாது. திருப்புவது கைடின் வேலை. முன் டயர் பிடித்தால் கைடோடு மல்லுக்கு நிற்கும். நிறமில்லாத நகப்பூச்சை முன் டயரில் பூசிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு மலிவான ஒரு மாற்றம் இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துவது வேறெங்கும் இல்லை.

இன்னொன்று, உடலைச் சேஸிஸோடு பிடிக்கும் திருகுகளை முழுக்க இறுக்க வேண்டாம். முக்கால் சுற்றுத் தளர்த்தினால் உடல் லேசாகக் கடகடக்கும். சேஸிஸின் அதிர்வை அந்தத் தளர்ச்சி விழுங்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்த அம்பாசடர் தடுமாறுகிற வளைவில் தளர்ந்த அம்பாசடர் அமைதியாகப் போகும்.

மோட்டாரைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் 18,000 சுற்று, பினியனில் 9 பல், பின் கியரில் 27 பல் என்றால் சக்கரம் 6,000 சுற்று. 20 மி.மீ. டயரின் சுற்றளவு 62.8 மி.மீ. பெருக்கினால் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வரும். எட்டடிப் பலகையில் அந்த வேகத்தை எந்தக் காரும் எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும். ஆகவே பெரிய மோட்டார் நேர்ப்பாதையில் தரும் லாபத்தை வளைவில் திருப்பி வாங்கிக்கொள்ளும். பொம்மைகளிலிருந்து கழற்றிய மோட்டாரைப் போடுபவர்கள் அதன் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். 3 வோல்ட்டுக்குச் செய்ததை 12-இல் ஓட்டினால் கருகிவிடும். அதற்கேற்பப் பாதையை 6 வோல்ட்டில் நடத்தலாம், குழந்தைகளுக்கு அதுவே இதம்.

பாதை போடுவதில் நம் ஊர் வானிலைக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டார் எம்.டி.எஃப். பலகையில் காடி வெட்டுவார்கள். ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் உள்ள மலையடிவாரத்தில் அந்தப் பலகையின் வெட்டு முனை ஈரம் குடித்து உப்பிவிடும். காடி குறுகும், கைடு சிக்கும். சமையலறை அலமாரிக்கு இப்போது எல்லோரும் போடும் மல்டிவுட் என்ற பி.வி.சி. பலகை இதற்கு நல்ல மாற்று. 12 மி.மீ. தடிமனில் 8-க்கு 4 அடிப் பலகை ஒன்று போதும். ஆசாரியிடம் ரவுட்டர் மிஷின் இருக்கும். காடி 7 மி.மீ. ஆழம் இறங்க வேண்டும் என்றதும், “அதுக்கு மேல இறக்குனா அடி பொத்துக்கிடும் அண்ணாச்சி” என்று அவரே எல்லை சொல்லிவிட்டார். பி.வி.சி. வெயிலுக்கு நீளும் குணமுள்ளது. பாதையை நீட்ட இரண்டு பலகை போட்டால், அவை சேரும் இடத்தில் சிறு இடைவெளி விட வேண்டும், அதன் மேல் செம்புப் பட்டையை ஒரே நீட்டாக ஒட்டாமல் கம்பி கொடுத்து இணைக்க வேண்டும். செம்புப் பட்டை ஈரக்காற்றில் கறுக்கும். ஓட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. காரின் பின்னலையும் விரித்து, நுனி தரையைத் தொடும்படி நீவிவிட வேண்டும். கார் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பின்னல்தான் காரணம்.

வெளிநாட்டுப் பெட்டிக் கார்களின் அடியில் காந்தம் இருக்கும். இரும்புப் பட்டைப் பாதையில் அது காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும். செம்பைக் காந்தம் இழுக்காது. ஆகவே நம் பலகையில் காந்தத்துக்கு வேலையில்லை, அதைக் கழற்றிவிடலாம். காந்தமில்லாத கார் வளைவில் வாலை வீசும்போது தெரியும் அழகு, ஒட்டிக்கொண்டு போகும் காரில் இல்லை.

மின்சாரத்துக்கு யு.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட், 7 ஏ.எச். நல்லது. கரண்ட் போனாலும் பந்தயம் நிற்காது. பக்கத்துத் தடத்தில் ஒரு கார் விழுந்தவுடன் நம் கார் திடீரென்று பாயும் தொல்லையும் குறையும். ஒவ்வொரு தடத்துக்கும் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாத பேட்டரியில் ஒரு ஷார்ட் போதும், கம்பி பழுத்துவிடும்.

கன்ட்ரோலரில் மூன்று கம்பி இருப்பது பிரேக்குக்காக. டிரிகரை விட்டதும் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றாகின்றன. சுழலும் மோட்டார் அந்தக் கணமே ஜெனரேட்டராகித் தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது. 1944 முதல் பாபநாசம் மின் நிலையத்தில் தாமிரபரணித் தண்ணீர் சுழற்றும் எந்திரமும் இதே தத்துவம்தான். பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே டிரிகரை விட்டுக் காட்டினால் புத்தகத்தில் படித்தது சட்டென்று விளங்குகிறது.

ஓட்டுவதில் புதியவர்கள் வளைவுக்குள் நுழைந்தபின் டிரிகரை விடுகிறார்கள். அது தாமதம். நேர்ப்பாதையிலேயே விட்டு, வேகம் இறங்கியதும் வளைவின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரு முறை விழுந்து எழுவதில் போகும் நேரத்தை எந்த வேகத்தாலும் மீட்க முடிவதில்லை.

பந்தய விதியில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முட்டை வடிவப் பாதையில் தடங்களுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால் வெளித்தடம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 செ.மீ. கூடுதல். அதனால் ஒவ்வொருவரும் இரு தடத்திலும் சம நேரம் ஓட்டி, இரண்டு சுற்று எண்ணிக்கைகளையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி. ஓட்டி முடித்தவர் உடனே வளைவில் போய் நிற்க வேண்டும், விழும் கார்களை எடுத்து வைக்க. தன் எதிராளியின் காரையும் அதே வேகத்தில் எடுத்து வைப்பவரைத்தான் அடுத்த வாரமும் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.