தொலேதோ நகரில் ஒரு பகல்



ஸ்பெயின் தேசத்துத் தலைநகராகிய மத்ரித்தில் படித்துவரும் நம் சகோதரி மகன், சென்ற விடுமுறையில் ஒரு நாள் தொலேதோ நகருக்குப் போய்வந்தான். மத்ரித்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். விரைவு ரயிலில் அரை மணிக்குச் சற்று அதிகம். காலையில் சென்று இரவில் திரும்பிவிட்டான். அவன் அனுப்பிய படங்களையும் செய்திகளையும் கொண்டு நாம் படித்தறிந்ததை, வியாபாரிகளாகிய நமக்குப் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறோம்.

அரபிகள் இவ்வூரைத் துலைத்துலா என்றனர். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவே குன்றின்மேல் ஊர். ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பெயர் அல்கந்தரா. அரபியில் ‘அல்கன்தரா’ என்றாலே பாலம்தான்; ஆக, அங்குள்ளோர் இன்றளவும் ‘பாலம் பாலம்’ என்றே சொல்லி வருகிறார்கள்! ஊர் நடுவிலுள்ள சதுக்கம் ஸொகொதொவேர். அது ‘சூக்குத் தவாப்’, அதாவது கால்நடைச் சந்தை.

நம் தொழிலுக்குரிய சொற்களைப் பாருங்கள். சரக்கறைக்கு ஸ்பானிய மொழியில் அல்மஸேன். அது அரபியின் ‘மக்ஸன்’. சுங்கச் சாவடிக்கு அதுவானா, அது ‘திவான்’. விலைப்பட்டிக்குத் தரிஃபா. சர்க்கரை, அரிசி, பருத்தி, எண்ணெய், குங்குமப்பூ இவற்றின் பெயர்களும் அரபி வழி வந்தவையே. நிறுவையும் அளவையும் சோதிக்கும் அதிகாரியை முஹ்தஸிப் என்பார்கள் அல்லவா? ஆட்சி மாறிய பின்னும் அப்பதவி அல்மொத்தஸேன் என்ற பெயரில் நீடித்தது. நாமும் கடையில் பாக்கி, வசூல், ஜாமீன் என்று நாள் முழுதும் அரபிச் சொற்களைத்தான் புழங்குகிறோம். தகராறும் அங்கிருந்து வந்ததே.

நிற்க. நகரின் பழைய வாயிலருகே ஒரு சிறு பள்ளிவாசல் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய எட்டு மீட்டர்தான். உள்ளே நான்கு தூண்கள், மேலே ஒன்பது சிறு கூடுகள். ஒரு கூட்டைப் போல் மற்றொன்று இல்லை. பின்னாளில் அது கிறிஸ்தவ ஆலயமாக்கப்பட்டது. ஆயினும் முகப்பில் செங்கல்லையே எழுத்தாக வைத்துக் கட்டிய அரபி வரி அழியவில்லை. படத்தை அனுப்பி, “மாமா, நீங்கள் மதரஸாவில் ஓதியவராயிற்றே, வாசித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டான். உண்மையைச் சொன்னால், நம்மால் ‘பிஸ்மி’யைத் தாண்ட முடியவில்லை. புள்ளியில்லாத கூஃபி எழுத்து அது. ஆலிம் ஒருவரிடம் காட்டிய பிறகே விளங்கிற்று: இப்னு ஹதீதி அஹ்மது என்பவர் இறைவனின் கூலியை நாடித் தம் சொந்தப் பொருளில் கட்டியது, ஹிஜ்ரி 390, முஹர்ரம் மாதம் முடிந்தது. கி.பி. 999ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள் என்று கொள்ளலாம்.

1085இல் ஆறாம் அல்ஃபோன்ஸோ மன்னர் வசம் நகர் போயிற்று. அதன் பின்னரே கிரெமோனா ஊர் ஜெரார்து போன்றோர் அங்கு வந்து தங்கி, அரபி நூல்களை லத்தீனில் பெயர்த்தனர். 1187இல் இறந்த அவர் பெயர்த்தவை எழுபதுக்கும் மேல். இப்னு சீனாவின் மருத்துவ நூலும் அவற்றுள் ஒன்று. இதை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நம்மை அதிகம் வியக்க வைத்தது வேறு. ஆட்சி மாறி நூறாண்டுகளுக்குப் பின்னும், அவ்வூர்க் கிறிஸ்தவர்களே வீடும் திராட்சைத் தோட்டமும் விற்கும்போது அரபியில் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் இன்றும் உள்ளன. கொடுக்கல் வாங்கலுக்கு உதவும்வரை ஒரு மொழி சாகாது போலும்.

பின்னர் நேர்மாறாக நடந்தது. 1502இல் காஸ்தீல் நாட்டு முஸ்லிம்கள் மதம் மாறவோ நாட்டை விட்டுப் போகவோ கட்டளையிடப்பட்டனர். நாளடைவில் பலர் அரபி மொழியை மறந்தனர்; எழுத்தை மட்டும் விடவில்லை. ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபியில் ‘ப’ ஒலி இல்லை. ஆகவே ‘பே’ எழுத்தின்மேல் ஷத்து இட்டுக்கொண்டார்கள். இதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். 1609 முதல் 1614 வரை எஞ்சியோரும் வெளியேற்றப்பட்டனர். 1884இல் அரகோன் பகுதியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பலகைப் பொய்த்தளத்தின் அடியில் இத்தகைய ஏடுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

இதைப் படித்ததும் நமக்கு அறபுத் தமிழ் நினைவு வந்தது. நம் பாட்டனாரின் பற்று வரவுப் புத்தகம் அந்த எழுத்தில் உள்ளது. நம் பிள்ளைகள் யாரும் அதைத் திறந்ததில்லை. நாமும் திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சில பக்கங்களைப் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினோம். சிறுவயதில் ஓதிய பழக்கத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தானாம். வாய்விட்டுச் சொன்னபோது தமிழாக வந்ததாம்.

மறுநாள் அவனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. “மாமா, தீர்ந்த கணக்குக்கெல்லாம் கோடு அடித்திருக்கிறது. 1938இல் ஒருவர் ஊரில் கொடுக்கச் சொல்லித் தந்த அமானிதம் நாற்பது வெள்ளிக்கு மட்டும் கோடு இல்லையே?”

பாட்டனார் கோடிட மறந்தாரோ, கொடுக்கவே மறந்தாரோ, சொல்ல ஆளில்லை. அப்பெயருக்குரிய வாரிசுகளை விசாரித்து அவ்வூர் ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.