சஃபரும் திரும்புதலும்: வெளிநாடு போனவர்கள் ஏன் மனம் வெறுத்து ஊர் வருகிறார்கள்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! இந்த ஜும்ஆவில் நம் வீடுகளில் நடக்கிற ஒரு விஷயத்தைப் பேசுவோம். சவூதி, குவைத், துபாய், கத்தர், மலேசியா என்று போன நம் பிள்ளைகளில் பலர், சில வருடங்களிலேயே "போதும்" என்று ஊர் திரும்புகிறார்கள். இன்னும் பலர், திரும்ப ஆசைப்பட்டும் திரும்ப முடியாமல் அங்கேயே இருக்கிறார்கள். ஏன் மனம் வெறுக்கிறது? திரும்பி வருவது தோல்வியா? வந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம்? இதை மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

பொருள் தேடிப் போவது குற்றமா?

இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி சொல்கிற மார்க்கம் நம்முடையது (62:10). குறைஷிகளின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் அல்லாஹ் அவர்களுக்குச் செய்த அருளாகவே குர்ஆனில் சொல்லப்படுகின்றன. மக்காவில் இருந்த அனைத்தையும் விட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) முன்வந்தார்கள். அவர்களோ துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். உழைத்துச் சாப்பிடப் போவது கண்ணியமான செயல்.

நம் கடற்கரை ஊர்களில் 'சபுராளி' என்று ஒரு சொல் உண்டு. சஃபர் போனவர் என்று பொருள். தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தவர்கள் நாம். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளையும், தறிக்கூலி குடும்பத்துக்குக் கட்டவில்லை என்றால் பாஸ்போர்ட் எடுக்கத்தான் செய்வான். 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே போகாதே என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை.

மனம் எங்கே உடைகிறது?

முதலாவது, கடன். விமானம் ஏறும் முன்பே வெறுப்புக்கான விதை விழுந்துவிடுகிறது. பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம் என்பது அரசு விதி. நடப்பில் எத்தனை பேர் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்! அதுவும் உம்மாவின் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி. முதல் ஒரு வருடச் சம்பளம், இரண்டு வருடச் சம்பளம் வட்டிக்கே போகிறது. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான் என்பதால்தான் நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே கடனை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். "நல்லா இருக்கேன் உம்மா" என்று ஃபோனில் சொல்கிற பிள்ளை, எத்தனை இரவு பொய் சொல்கிறானோ!

இரண்டாவது, ஒப்பந்தம் மாறுவது. இங்கே சொன்னது கடை வேலை, அங்கே கொடுத்தது பாலைவனத்தில் ஆடு மேய்ப்பு. இங்கே சொன்ன சம்பளம் வேறு, அங்கே கையெழுத்து வாங்கிய காகிதம் வேறு. பாஸ்போர்ட் கஃபீலின் மேசை டிராயரில். விசிட் விசாவில் போய் வேலை செய்தவருக்கோ முறையிடக்கூட வழியில்லை.

மூன்றாவது, கூலி நின்றுபோவது. 2016-ல் எண்ணெய் விலை விழுந்தபோது சவூதியில் பெரிய கட்டுமான நிறுவனங்களே மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் முகாம்களில் உணவுக்கே வழியின்றித் தவித்தார்கள். இந்தியத் தூதரகம் உணவு கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வாதாடுவேன் என்று அல்லாஹ் எச்சரிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அந்த ஹதீஸ் பேசப்படுகிற மண்ணிலேயே இது நடந்தது என்பதுதான் போனவர்களின் நெஞ்சை அதிகம் உடைத்தது.

நான்காவது, குடும்பத்தோடு வாழ முடியாத நிலை. 2017 ஜூலையில் சவூதி அரசு, வெளிநாட்டவரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் 100 ரியால் கூடி, 2020-ல் 400 ஆனது. அதே ஆண்டு ஜூலையில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,600 ரியால் கட்டணத்துக்கே போய்விடும். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் ஷேரிங் அறைக்குள் நுழைந்தார்கள்.

அந்த அறைகள் எப்படி இருக்கின்றன? 2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். ஜூன் 14, ஒரு வெள்ளிக்கிழமை, விமானப்படை விமானம் அந்த ஜனாஸாக்களையும் உடல்களையும் சுமந்து கொச்சியில் இறங்கியது. அவர்களும் ஒருநாள் ஊருக்குத் திரும்ப நினைத்திருந்தவர்கள்தான்.

ஐந்தாவது, யாரும் வெளியே சொல்லாதது. பிள்ளை பிறந்ததை வீடியோ காலில் பார்த்த தகப்பன், இரண்டு வருடம் கழித்து வாசலில் நிற்கிறார். பிள்ளை பயந்து உம்மாவின் பின்னால் ஒளிகிறது. மகளின் நிக்காஹ்வுக்குப் பணம் மட்டும் வருகிறது. தகப்பனின் மய்யித் அடக்கப்பட்ட பிறகு மகன் வருகிறார். உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றி வந்தபோது, கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தியின் புலம்பலைக் கேட்டார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, படை வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்க ஒரு மாதக் கணக்கை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நாம் வைத்திருக்கும் கணக்கு என்ன? இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம்!

மூஸா (அலை) அவர்களின் தவணை

குர்ஆனில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் வரலாறு இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா? எகிப்திலிருந்து உயிருக்குப் பயந்து மத்யன் போன மூஸா (அலை) அவர்கள்தான் அவர். கையில் எதுவும் இல்லாமல் போனார்கள். வேலைக்கு அமர்த்திய பெரியவர் எட்டு வருடம் என்றார். பத்தாக்கினால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றார். இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் என் மீது அத்துமீறல் கூடாது, இதற்கு அல்லாஹ்வே சாட்சி என்று மூஸா (அலை) ஒப்புக்கொண்டார்கள் (28:27, 28).

இதில் மூன்று பாடங்கள். வேலையும் காலமும் முதலிலேயே பேசப்பட்டன. முதலாளி சிரமப்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தவணை முடிந்ததும் மூஸா (அலை) குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார்கள் (28:29). அந்தப் பயணத்தில்தான் தூர் மலைப் பக்கம் நெருப்பைக் கண்டார்கள். அல்லாஹ் அவர்களோடு பேசியதும் அங்கேதான். மத்யனில் பத்து வருடம் உழைத்தவருக்கு, வாழ்வின் மிகப் பெரிய கொடை கிடைத்தது மத்யனை விட்டுப் புறப்பட்ட பிறகு!

நம்மவர்களின் மனவெறுப்புக்குப் பெரிய காரணம், போகும்போது தவணை வைக்காததுதான். கடனை அடைக்க என்று போகிறோம். கடன் அடைந்ததும் வீடு. வீடு முடிந்ததும் மாடி. மாடி முடிந்ததும் தங்கைக்கு நிக்காஹ், மச்சானுக்கு விசா. 25 வயதில் போனவர் 55 வயதில் சர்க்கரை வியாதியோடு வருகிறார். பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி. அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது. ஆகவே போன காரியம் முடிந்தால் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. திரும்பி வருவது தோல்வி அல்ல சகோதரர்களே. அது சுன்னத்.

"எத்தனை மாச லீவு?"

திரும்பி வந்தவர் பள்ளிக்கு வருகிறார். ஸலாம் சொன்ன கையோடு நாம் கேட்கிற முதல் கேள்வி இது. லீவு இல்லை, வந்துவிட்டேன் என்றால், நம் முகம் மாறுகிறது. என்ன தப்பு செய்து அனுப்பிவிட்டார்களோ என்று திண்ணையில் பேச்சு ஓடுகிறது. பெட்டியில் என்ன கொண்டு வந்தார் என்று உறவுகள் பார்க்கின்றன. சம்மந்தம் பேசியவர்கள் தயங்குகிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பேர், இகாமா முடிந்தும், உடம்பு முடியாமலும், அங்கேயே ஒளிந்து வாழ்கிறார்கள். அவர்களைத் திரும்ப விடாமல் தடுப்பது கஃபீல் மட்டுமல்ல. நம் நாவும்தான்.

நம் வாசலுக்கு வந்த சபுராளிகள்

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நீதியாகாது. நம் பிள்ளை குவைத்தில் பட்ட கஷ்டத்துக்கு அழுகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நிற்கிறார்களே, அவர்கள் யார்? அவர்களும் ஒரு தாயின் நகையை அடகு வைத்து வந்தவர்கள். நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் இருந்து ஒடிசாத் தொழிலாளர்களை அதிகாரிகள் கொத்தடிமைகளாக மீட்ட செய்திகள் ஒன்றல்ல, பல. 2020 மே மாதத்தில், வெளிநாட்டில் சிக்கிய நம்மவர்களை வந்தே பாரத் விமானங்கள் அழைத்து வந்தன. அதே மாதம், நம் நெடுஞ்சாலைகளில் வடமாநிலத்தவர் ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள்.

நம்மில் கடை வைத்திருப்பவர், வீடு வாடகைக்கு விட்டிருப்பவர், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் தன்னையே கேட்கட்டும்: ஒரு அறையில் பத்துப் பேரை அடைத்து ஆள் கணக்கில் வாடகை வாங்குகிறேனா? ஆதார் அட்டையைப் பிடித்து வைத்திருக்கிறேனா? கூலியை அடுத்த மாதம் என்று தள்ளுகிறேனா? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற கட்டளை அரபி முதலாளிக்கு மட்டும் வந்ததல்ல.

நாம் செய்ய வேண்டியவை

போகிறவருக்கு: முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்தைப் புரிகிற மொழியில் படித்து, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்ச ரூபாய் கிடைக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம். எத்தனை வருடம், எவ்வளவு தொகை, அதன் பிறகு ஊரில் என்ன தொழில் என்பதை மனைவியோடு உட்கார்ந்து எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு: அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கு அவர் திரும்பி வருவதற்காக ஒதுக்குங்கள். மாடி காத்திருக்கட்டும், மனிதர் வரட்டும்.

ஜமாஅத்துக்கு: விசாவுக்கு வட்டிக்கு வாங்குகிற பிள்ளைக்கு, பைத்துல்மாலில் இருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க முடியுமா என்று ஆலோசியுங்கள். ஸகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடனாளிகளும் இருக்கிறார்கள். வந்தவருக்குத் தொழில் தொடங்க வழிகாட்டுங்கள். தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க, படித்த இளைஞர் இருவரை நியமியுங்கள்.

நம் அனைவருக்கும்: இனி வந்தவரைப் பார்த்தால் லீவைக் கேட்காதீர்கள். "நல்லபடியா வந்து சேர்ந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கட்டித் தழுவுங்கள்.

யா அல்லாஹ்! வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் உயிரையும் ஈமானையும் கூலியையும் பாதுகாப்பாயாக. திரும்ப விரும்புவோருக்குக் கண்ணியமான வழியைத் திறப்பாயாக. எங்கள் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களிடம் நாங்கள் நீதியாக நடக்க அருள்வாயாக. ஆமீன்.