நண்பர் அடைத்துத் தரும் தோட்டா

கேள்வி: நியூ ஜெர்சி, எடிசனில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு. முறைப்படி பர்மிட் எடுத்து, குட்டைக் குழல் .38 ரிவால்வர் ஒன்று வாங்கி வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன். எடை குறைவு என்பதால் உதை கடுமையாக இருக்கிறது. மனைவியால் இரண்டாவது குண்டு சுட முடியவில்லை. ரேஞ்சில் பழக்கமான நண்பர் ஒருவர், மருந்தைக் குறைத்துத் தாமே தோட்டா அடைத்துத் தருவதாகச் சொல்கிறார். அதை வீட்டில் போட்டு வைக்கலாமா? எச்-1பி விசாவில் எங்களோடு தங்கியிருக்கும் மைத்துனரும் பழகிக்கொள்ள ஆசைப்படுகிறார்.

பதில்: மைத்துனரைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். தோட்டாவைவிடப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை இல்லாவிட்டால் ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் குற்றம்தான். 2022-க்குப் பிறகு இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியவே கூடாது.

இனி தோட்டாவுக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே தோட்டா அடைத்துக்கொள்ள மத்திய உரிமம் தேவையில்லை. அதையே லாபத்துக்கு விற்கும் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். நண்பர் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் அடைத்துத் தருபவராக இருந்தால், ஒதுங்கிவிடுங்கள்.

ஆக, அந்தத் தோட்டாவைப் போட்டு வைப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். 'ஆளைக் கொல்லவே தனியாக மருந்து அடைத்தான்' என்று அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் முழங்குவார் எனப் பலர் பயமுறுத்துவார்கள். அந்த வாதத்துக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. உங்கள் தோட்டா மருந்து குறைந்தது வேறு. என் கவலையெல்லாம் சாட்சியம் பற்றியது.

எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பது பல வழக்குகளில் உயிர்நாடி. 'கைக்கெட்டும் தூரத்தில் பாய்ந்து வந்தான், சுட்டேன்' என்பீர்கள். எதிராளியின் சட்டையில் படிந்த மருந்துத் துகள்களைப் பார்த்து ஆய்வகம் தூரத்தைக் கணிக்கும். அதற்கு அதே துப்பாக்கியில், அதே வகைத் தோட்டாவைச் சுட்டு ஒப்பிட வேண்டும். கம்பெனித் தோட்டா என்றால் அதே வகையைக் கடையில் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிடலாம். நண்பர் அடைத்தது என்றால்? எவ்வளவு மருந்து போட்டார் என்பதற்கு அவருடைய வாயும் நோட்டுப்புத்தகமும்தான் ஆதாரம். குறைந்த மருந்து விட்டுச்செல்லும் துகளும் வேறு மாதிரி இருக்கும். கணக்குத் தப்பினால் நீங்கள் பொய்யராகத் தெரிவீர்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1989-இல் ஒரு பெண் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கி அவர் கையில் இருந்தபோதே வெடித்தது என்றார் கணவர். துப்பாக்கியில் இருந்தது வீட்டில் அடைத்த, மருந்து குறைந்த தோட்டா. துகள் படியாததை வைத்து, அந்தப் பெண்ணின் கைக்கு எட்டாத தூரத்திலிருந்து சுடப்பட்டது என்றது அரசுத் தரப்பு. வழக்கு ஒரே விசாரணையோடு முடியவில்லை. கடைசியில் கணவருக்குத் தண்டனை கிடைத்தது. இதைத் தற்காப்பு வழக்கு என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஆனால் துகள் பற்றிய சிக்கல் தற்காப்பு வழக்கிலும் அப்படியேதான் வரும்.

இன்னொன்று, துப்பாக்கி சம்பந்தப்பட்டது. லேசான ரிவால்வரின் உதையில், சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் முனை உறையை விட்டு முன்னே நகரக்கூடும். அப்போது சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும். இறுக்கம் சரியில்லாத கையடைப்பில் இந்த ஆபத்து கூடுதல். கையடைப்புத் தோட்டாவால் துப்பாக்கி பழுதானால் கம்பெனி உத்தரவாதமும் பொதுவாகக் கிடைக்காது.

உதையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 'வாட்கட்டர்' என்ற தட்டை முனைத் தோட்டாவைக் கம்பெனிகளே குறிப்பயிற்சிக்காகச் செய்கின்றன. .38-இல் மிக மென்மையாகச் சுடக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. முனையில் குழி இல்லாததால், நியூ ஜெர்சியின் குழிமுனைத் தோட்டாக் கட்டுப்பாடும் குறுக்கே வராது. குழிமுனையை வீட்டில் வைத்திருக்கலாம், கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். சட்டம் விலக்களிக்காத விதத்தில் எடுத்துத் திரிந்தால் 18 மாதம் வரை சிறை. வாட்கட்டரும் ஒத்துவராவிட்டால், எடை கூடிய எஃகு ரிவால்வருக்கு மாறுங்கள். அதற்குத் தனியாக இன்னொரு பர்மிட் எடுக்க வேண்டும்.

நண்பர் தருவதை ரேஞ்சில் சுடுவதானாலும், அவருடைய அளவையும் கவனத்தையும் நம்புகிறீர்களா என்று யோசித்துச் செய்யுங்கள். வீட்டுக்கு ஒரே லாட் எண் உள்ள கம்பெனித் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருங்கள்.