தண்ணி மாதிரி ஒரு ஒயில்

வன்னியில் கார் வைத்திருப்பவருக்கு ஒயில் பற்றிப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே வராது. கராஜில் பொனற்றைத் திறந்தால் போதும். லாண்ட்மாஸ்ரருக்கு பெல்ற் வாங்க வந்தவரும் எட்டிப் பார்ப்பார். "உதென்ன தம்பி, தண்ணி மாதிரிக் கிடக்கு? எங்கட வெயிலுக்கு உது நிண்டு பிடிக்குமோ? இருபது-ஐம்பதை விடு, எஞ்சின் கத்தாது." அவர் சும்மா சொல்லவில்லை. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறார். அந்த அனுபவம் வேறு எஞ்சினில், வேறு எரிபொருளில் கிடைத்தது என்பதுதான் சிக்கல்.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளாகிவிட்டது. மோட்டார் சைக்கிள்களும் பழைய ஏ-40, மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். கொஞ்ச நாளில் ஒயில் இளகிவிடும். டிப்ஸ்ரிக்கில் பார்த்தால் மட்டம் குறையாமல் கூடியிருக்கும். அந்த நிலைமையில் தடித்த ஒயில் விடுவதும் அதை அடிக்கடி மாற்றுவதும் சரியான வைத்தியம். பிறகு 2002இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்து மறுபடி திறந்தது. காப்பற் வீதி வந்தது, ஜப்பான் கார் வந்தது. வைத்தியம் மட்டும் மாறவில்லை.

எங்கள் குடும்பத்தில் மூன்று வாகனங்கள் ஓடுகின்றன. கிளிநொச்சியில் இருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு வாகன் ஆர் ஹைபிரிட். வவுனியா ரவுணுக்குள்ளேயே ஓடும் மச்சானின் அக்குவா, அதுவும் ஹைபிரிட். அண்ணையின் பழைய டீசல் ஹயஸ். சிந்தெற்றிக்கா, சாதாரண ஒயிலா என்று கேட்டால் இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே எங்கள் பக்கத்தில் 'புதுக் கார்' என்றால் ஏழெட்டு வயதுக் காராகவும் இருக்கலாம். அதன் விலையோ காணி விலை. எஞ்சினைப் பார்த்துப் பார்த்துப் பேணவேண்டியிருப்பது இதனால்தான்.

கடையில் கானின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். 'சிந்தெற்றிக்' என்ற சொல்லுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரையறை இல்லை. 1970களில் இந்த ஒயில்கள் கார்ச் சந்தைக்கு வந்தபோது அவை இரசாயன முறையில் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட எண்ணெய்கள். பின்னர் மசகெண்ணெயில் இருந்து வரும் எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து, மூலக்கூறுகளை மாற்றியமைத்து, அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பனிகள் இதில் மோதிக்கொண்டன. 1999இல் விளம்பரங்களை ஆராயும் அமைப்பு அப்படி அழைப்பதில் தவறில்லை என்று முடிவு சொன்னது. இன்று அலுமாரியில் இருக்கும் பெரும்பாலான 'முழு சிந்தெற்றிக்' அந்த இரண்டாம் வகைதான். அது மோசமான ஒயில் இல்லை. 'செமி'யில்தான் கவனம் வேண்டும்: நல்ல எண்ணெய் எத்தனை பங்கு கலந்தால் செமி என்பதற்குக் கட்டாய அளவு எதுவும் இல்லை.

கானைத் திருப்பிப் பின்பக்கம் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று தடிப்பு இலக்கம். மற்றது ஏபிஐ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'எஸ்' என்று தொடங்கும் இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னுக்குப் போகப் போகத் தரம் புதியது. எஸ்எல் 2001இன் தரம், எஸ்என் 2010இன் தரம், எஸ்பி 2020இன் தரம். எஸ்பியில் ரைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனை சேர்த்திருக்கிறார்கள். வாகன் ஆர், அக்குவா இரண்டிலும் இருப்பது பெல்ற் இல்லை, செயின். 'சிந்தெற்றிக்' என்று மின்னும் எழுத்தில் போட்டுப் பின்பக்கம் எஸ்எல் என்று இருக்கும் கானைவிட, ஆரவாரம் இல்லாத எஸ்பி கான் எனக்கு மேல்.

தடிப்பு இலக்கத்தைக் காரின் கைநூல் சொல்லும். எங்கள் கார்களின் கைநூல் ஜப்பான் மொழியில் இருந்தாலும் இலக்கம் இலக்கம்தான். பல ரொயோட்டாக்களில் ஒயில் விடும் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கும். இந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். சாதாரண மினரல் எண்ணெயை வைத்து 0டபிள்யூ-20 செய்வது நடைமுறையில் ஆகாத காரியம். அதாவது அந்த எஞ்சினை வரைந்தவர்களே சிந்தெற்றிக் என்று தீர்மானித்துவிட்டார்கள். கரடிப்போக்குச் சந்தியில் நின்று நாங்கள் வாதாட அதிகம் மிச்சம் இல்லை. ஜப்பானியக் கைநூல்கள் பலவற்றில் 5டபிள்யூ-30உம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். 0டபிள்யூ-20 கிடைக்காத இடத்தில் அதைத் தயங்காமல் விடலாம். 20டபிள்யூ-50 அந்தப் பட்டியலில் எங்கும் இருக்காது.

"எங்கட வெயில்" என்ற வாதத்துக்கு வருவோம். ஒயில் இலக்கத்தின் பின்பாதி, 100 பாகை செல்சியஸில் அது எவ்வளவு தடிப்பு என்பதைச் சொல்கிறது. எஞ்சின் சூடாகிவிட்டால் உள்ளே ஒயில் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் நிற்கும், வெளியே நுவரெலியாவானாலும் வவுனியாவானாலும். தேர்மோஸ்ரற்றும் றேடியேற்றரும் இருப்பது அதற்குத்தான். முன்பாதி குளிருக்கானது: 0டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழ் 35 பாகையில் எஞ்சின் சுழலக்கூடிய இளக்கம், 20டபிள்யூ என்றால் கீழ் 15 பாகையில். அப்படி ஒரு குளிர் எங்கள் கனவிலும் வராது. ஆனால் ஒரு இரவு நின்ற எஞ்சின் காலையில் எங்கள் 25 பாகையிலும் 'குளிர்' எஞ்சின்தான். இளக்கமான ஒயில் மேலே வால்வுப் பக்கம் சீக்கிரம் ஏறும். வால்வு நேரத்தை ஒயில் அழுத்தத்தாலேயே மாற்றும் இன்றைய எஞ்சின்களின் ஒடுங்கிய துவாரங்களுக்கு அது தேவை. தடித்த ஒயில் விட்டால் சத்தம் குறைவது உண்மை. கூடவே எரிபொருள் கொஞ்சம் கூடக் குடிப்பதும் உண்மை.

அப்படியானால் சிந்தெற்றிக்கின் உண்மையான பயன் என்ன? நீண்ட சூட்டில் அது மெதுவாகவே பழுதாகும். ஆவியாகிக் குறைவதும் குறைவு. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டுநர் சங்கம் 2017இல் இரண்டு வகையையும் சோதித்து, சிந்தெற்றிக் சராசரியாக ஐம்பது சதவீதத்துக்குக் கிட்ட மேலாக நின்றது என்று அறிவித்தது. அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பலத்தை நம்பி மாற்றும் தவணையை நீட்டுவது வன்னியில் சரிவராது. இங்கே ஒயிலைக் கெடுப்பவை வேறு.

மச்சானின் அக்குவாவைப் பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கந்தோர் போய், பின்னேரம் சந்தைக்குப் போய் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு ஓட்டமும் மூன்று நாலு கிலோமீற்றர். அதிலும் பாதித் தூரம் பட்டறியில் ஓடும். எஞ்சின் இடையிடையே எழுந்து மறுபடி படுத்துவிடும். ஒயில் நன்றாகச் சூடாகவே மாட்டாது. சூடாகாத எஞ்சினில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். ஈரமும் வெளியேறாமல் தங்கும். மண்ணெண்ணெய்க் காலத்தில் நடந்த அதே கலப்புத்தான், அளவு குறைவு, சத்தமில்லாமல் நடக்கிறது. மாரி காலத்தில் அவருடைய ஒயில் மூடியைக் கழற்றினால் அடியில் வெளிறிய பசை விரலில் ஒட்டும். "ஓடினது கொஞ்சம்தானே, பிறகு மாத்துவம்" என்பார் மச்சான். மீற்றரில் 5,000 ஏற அவருக்கு ஒரு வருடம் போகும். அவருக்குச் சொன்னது இதுதான்: கண்ணாடியில் ஒட்டும் ஸ்ரிக்கரில் கிலோமீற்றருக்குப் பக்கத்தில் திகதியும் எழுதுவியுங்கோ, ஆறு மாதம் எண்டால் ஆறு மாதம். இடையிடையே ஒரு ஞாயிறு ஏ-9இல் மாங்குளம் வரை ஓடிவிட்டு வாங்கோ, ஈரம் போகும்.

ஜப்பானில் ரொயோட்டா பெற்றோல் கார்களுக்குச் சொல்லும் பொதுத் தவணை 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். கடும் பாவனை என்றால் அதில் பாதி. குறுகிய ஓட்டம், கரடுமுரடான வீதி எல்லாம் கடும் பாவனைக்குள் வரும். ஒட்டுசுட்டான் உள்வீதிகளையும் அக்கராயன் பக்கத்துக் கிரவல் ரோட்டையும் பார்த்தவர்கள் தாங்கள் எந்த வகை என்று யோசிக்கத் தேவையில்லை. நான் 5,000 அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதில் மாற்றுகிறேன். வாகன் ஆருக்கு ஒயில் மூன்று லீற்றரும் போகாது. சிந்தெற்றிக் விலை இரட்டிப்பு என்றாலும், அந்தச் சின்ன அளவுக்கு வரும் வித்தியாசம் ஒரு ரயர் விலையைத் தொடாது.

காசைச் சிக்கனப்படுத்தவேண்டும் என்றால் ஒயிலில் வேண்டாம். எயார் பில்ரரிலும் வேண்டவே வேண்டாம். காலபோக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் என் காரின் பில்ரர் பெட்டியைத் திறந்தால் கடதாசி மடிப்புகளுக்குள் நெற்சுணை நெருக்கமாகப் படிந்திருக்கும். அதன்மேல் கிரவல் தூள் ஒரு செந்நிறப் படை. பில்ரரைத் தட்டினால் சுணை பறந்து கழுத்தெல்லாம் கடிக்கும். மணல் தூள் உலோகத்தைச் சுரண்டும். பில்ரர் விளிம்பு சரியாக அமராமல் கொஞ்சம் தூசி உள்ளே போனாலும் எவ்வளவு விலையான ஒயிலும் அதற்குப் பரிகாரம் இல்லை. எயார் கொம்பிரஷரால் ஊதிக் கொடுப்பார்கள். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக ஊதச் சொல்லுங்கள். அழுத்தி ஊதினால் கடதாசி கிழிந்துவிடும். வெட்டு முடிந்ததும் நான் புதிது போட்டுவிடுவேன்.

வெள்ளத்துக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்த நாள்கள் இங்கே யாருக்கும் மறக்காது. தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்ராட் பண்ணிப் பார்க்கும் ஆசை வரும், அடக்குங்கள். டிப்ஸ்ரிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்துப் பில்ரரோடு மாற்றிய பிறகுதான் சாவியைத் தொடவேண்டும். வெறும் கறுப்பு நிறம் வேறு கதை. ஒயில் அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளம் அது, பயப்பட ஒன்றும் இல்லை.

கராஜ்களில் கேட்கும் இன்னும் இரண்டு கதைகள். சிந்தெற்றிக் விட்டால் சீல் ஒழுகும் என்பது ஒன்று. ஆரம்பகால ஒயில்கள் சிலவற்றில் அப்படி நடந்தது. கலவையைத் திருத்திப் பல காலமாகிவிட்டது. ஒருமுறை சிந்தெற்றிக் விட்டால் திரும்ப மாறமுடியாது என்பது மற்றது. மாறலாம். ஏபிஐ தரமுள்ள ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பது விதி. உடையார்கட்டில் மட்டம் குறைந்து நின்றால், கிடைக்கிற மினரல் ஒயிலில் அரை லீற்றர் விட்டு வீடு வந்து சேருங்கள். ஒயில் குறைந்த எஞ்சினோடு ஓடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. டாஷ்போர்டில் வரும் சிவப்பு விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டும். அது எரியும்போது நேரம் கடந்திருக்கலாம்.

போலி ஒயில் பயம் எல்லோருக்கும் உண்டு. தெரிந்த முகவரிடம் வாங்குவதும், மூடியின் சீலையும் தொகுதி இலக்கத்தையும் பார்ப்பதும், கண் முன்னால் திறப்பிப்பதும் போதுமான காவல். வெறும் கானை வாங்க ஆள் வருவார். அதை முழுசாகக் கொடுக்கவேண்டாம். ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுங்கள்.

அண்ணையின் ஹயஸுக்கு நான் சிந்தெற்றிக் சொல்லவே மாட்டேன். பழைய டீசல் எஞ்சின், ஒயில் கொஞ்சம் குடிக்கும், கொள்ளளவும் பெரிது. அதற்கு நல்ல மினரல் 15டபிள்யூ-40, டீசலுக்கான 'சி' வரிசைத் தரத்தில், நேரத்துக்கு மாற்றினால் போதும். உழவு இயந்திரத்துக்கும் அப்படியே. லாண்ட்மாஸ்ரர்காரரின் புத்திமதி அவருடைய வாகனத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

கார் சேர்விஸில் மிஞ்சும் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கியர் மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் நனைந்து கிடக்கும். காரின் 0டபிள்யூ-20இல் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும்; கிளச் வழுக்கத் தொடங்கும். மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்ஏ என்று கானில் போட்டிருப்பதே வேண்டும். மிஞ்சியதை இறுக்கி மூடி, மட்டம் குறைந்தால் விட வைத்திருங்கள்.

வடித்த ஒயிலுக்கு வன்னியில் எப்போதும் கிராக்கி. கறையான் ஏறாமல் வேலிக்கட்டைக்கும் பனைமரத் தீராந்திக்கும் பூசக் கேட்டு வருவார்கள். கூரை மரத்துக்குப் பூசட்டும். மண்ணுக்குள் இறங்கும் கட்டைக்கு, அதுவும் கிணற்றடியில், நான் கொடுப்பதில்லை. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல்தான் தீர்ப்பு வந்தது. வீட்டில் ஒயில் மாற்றினால் பழையதை அதே கானில் நிரப்பி, கராஜ் பீப்பாவில் ஊற்றிவிட்டு வருவேன். கானில் ஓட்டை போடுவது அதற்குப் பிறகுதான்.