தோல் தொழிலாளர் வீட்டு மாணாக்கரும் உபகாரச் சம்பளமும்

பாலாற்றுப் பக்கத்து ஊர்களாகிய இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்பவற்றிற்குத் தோலே சோறு போடுகின்றது என்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் வகுப்பறைகளில் அமரும் மாணாக்கருள் பலர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று வேலை செய்பவரின் மக்கள். ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் காலை முதல் மாலை வரை அமர்ந்திருப்பவரின் மக்கள். அவர்தம் மேற்படிப்புக்கு வேண்டும் பொருள் எங்கெங்கிருந்து கிடைக்கக்கூடும், கிடைக்கக்கூடியது ஏன் கிடையாமற் போகின்றது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம். முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று வழங்கியதே இந்நாளில் உதவித்தொகை எனப்படுகின்றது. நமக்குப் பழைய பெயரின்மேல் சிறிது பற்று உண்டாதலின் அதனையே இங்கு ஆளுகின்றோம்.

உபகாரச் சம்பளத்தால் படித்து உயர்ந்தவர்க்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருத்தணியில் 1888 ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வேலூர் ஊரீஸ் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தவர். அவர்தம் படிப்புக் காலம் முழுவதும் உபகாரச் சம்பளங்களே அவருக்குத் துணை நின்றன. தத்துவ சாஸ்திரத்தை அவர் மேற்கொண்டதற்குச் சொல்லப்படும் காரணம் இன்னும் கவனிக்கத்தக்கது. கணிதம் படிக்கவே அவர் விரும்பினாராம். அக்கல்லூரியிலேயே படித்துத் தேறிய உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்துதவ, விலை கொடுத்து வேறு புத்தகம் வாங்க இயலாத நிலையில் அதுவே அவர் பாடமாயிற்று. உலகம் போற்றிய தத்துவ ஞானி ஒருவரை நாம் பெற்றது சில பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தமையாலே என்பது வியப்பே. ஆயினும் கணிதம் விரும்பிய ஓர் இளைஞர் வறுமையால் அதனை விட நேர்ந்தது என்பதும் அதே கதையின் மறுபக்கம் அன்றோ?

அக்காலத்தில் உதவி என்பது பெரும்பாலும் கொடுப்போர் மனத்தைப் பொறுத்தது. ஊரீஸ் கல்லூரி அமெரிக்க தேசத்து நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் கொடையால் அவர் பெயர் பூண்டு நிற்கின்றது. தோல் வியாபாரத்தில் ஈட்டிய பொருளைத் தர்மத்திற்கு வாரி வழங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் 1938 ஆம் ஆண்டு காலஞ்சென்றார். அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965 ஆம் ஆண்டு கல்லூரி ஏற்பட்டது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 ஆம் ஆண்டிலும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969 ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கின்றோம். எனினும் தர்மம் என்பது கேட்பவன் தலை குனிந்து நிற்க வேண்டிய ஒன்று. அரசாங்கமே மாணாக்கனுக்குப் பொருள் தரக் கடமைப்பட்டது என்னும் கருத்து வலுப்பெற்ற பின்னரே உபகாரம் உரிமையாக மாறத் தொடங்கிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உபகாரச் சம்பளம் 1944 ஆம் ஆண்டு ஏற்பட்டது. அப்போது டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்தார். சுதந்திரத்திற்கு முன் தோன்றிய அத்திட்டம் இன்றும் நடைபெற்று வருகின்றது.

இந்நாளில் உள்ள உதவிகளை, வகுப்பை நோக்கித் தருவன, படித்த பள்ளியை நோக்கித் தருவன, மதிப்பெண்ணை நோக்கித் தருவன, பெற்றோர் செய்யும் தொழிலை நோக்கித் தருவன எனப் பாகுபடுத்தலாம். முதல் மூன்றும் பலருக்குத் தெரிந்தவை. ஆதலின் விரைந்து கடப்போம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர்க்கான மேற்படிப்பு உதவிக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. கிறிஸ்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கு மத்திய அரசின் திட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டு அரசு தன் பொருளிலிருந்து அவர்க்கு உதவுகின்றது. நம் பக்கத்து மிஷன் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றிற்கு இது பொருந்தும். பிற்படுத்தப்பட்டோர்க்கும், முஸ்லிம்களுள் அவ்வகுப்பிற் சேர்ந்தோர்க்கும் தனித் துறை வழியாக உதவி உண்டு. பள்ளியை நோக்கித் தருவனவற்றுள் தலையாயவை இரண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்த பெண்கள் கல்லூரியிற் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள், அதாவது மேலே கூறிய இராதாகிருஷ்ணனாரின் பிறந்தநாளன்று, தொடங்கப்பட்டது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியிற் படித்தவராயின் தமிழ்வழியிற் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் உருதுவழிப் பள்ளிகளும் உள்ளமையின் இதனைக் கருத்திற் கொள்வது நன்று. மதிப்பெண்ணை நோக்கி மத்திய அரசு தருவது பட்டப்படிப்பிற்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் தேறினோருள் மேல்வரிசை இருபது விழுக்காட்டினுள் இருத்தல் வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை இருக்கலாம். வேறு உபகாரச் சம்பளம் பெறுவோர் இதனைப் பெறலாகாது.

இனி நான்காவதாகிய தொழில் வழி உதவிக்கு வருவோம். நம் ஊர்களுக்கு இதுவே மிக நெருங்கியது. மிகக் குறைவாக அறியப்பட்டதும் இதுவே.

தோல் உரித்தல், தோல் பதனிடுதல் ஆகிய தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை உபகாரச் சம்பளம் தரும் மத்திய அரசின் திட்டம் 1977-78 ஆம் ஆண்டு முதல் உள்ளது. துப்புரவுத் தொழிலாளர் மக்களையும் இது சேர்த்துக்கொள்ளும். அலுவலக வழக்கில் இத்தொழில்களுக்குச் சுகாதாரக் குறைவான தொழில்கள் என்று பெயரிட்டிருக்கின்றார்கள். அப்பெயர் நமக்கு உவப்பாக இல்லை. தொழில் நடக்கும் இடத்தின் குறையைத் தொழிலின் தலையிற் கட்டுவது என்ன நியாயம்? அது நிற்க. இத்திட்டத்தின் சிறப்பு யாதெனின், இதற்குச் சாதி வரையறை இல்லை. மத வரையறை இல்லை. வருமான வரம்பும் இல்லை. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் முஸ்லிமின் மகனும், ஆம்பூரில் அதே வேலை செய்யும் ஆதிதிராவிடரின் மகளும், கிறிஸ்தவரின் பிள்ளையும் இதன்முன் ஒரே நிலையினர். பெற்றோர் அத்தொழில் செய்கின்றார் என்னும் அத்தாட்சியே வேண்டுவது.

ஆனால் இது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தவுடன், தோல் பதனிடுவோரின் பிள்ளை என்னும் காரணம் செல்லாக் காசாகி, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றன. தந்தையின் தொழிலோ, அத்தொழிலால் அவர் உடலுக்கு வரும் கேடோ பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்றே மாறிவிடுவதில்லை. செலவு பெருகத் தொடங்கும் இடத்தில் உதவி நிற்பது முறையன்று என்பது நம் கருத்து. இத்திட்டத்தைப் பட்டப்படிப்பு வரை நீட்டுக எனக் கேட்கும் உரிமை இவ்வூர்களின் கல்லூரிகளுக்கு மற்றெவரினும் மிகுதியாக உண்டு.

அவ்வாறு நீளும் வரையில் கல்லூரி மாணாக்கர் நாடத்தக்கவை இரண்டு வாரியங்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல் இருத்தலின் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, தவறான வாயிலில் மனுக் கொடுத்துத் திரும்புவோர் உளர். முதலாவது தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம். இது 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்பட்ட நிதியைக் கையாள்வது. தொழிற்சாலையில் பதிவேட்டிற் பெயருள்ள ஒவ்வொரு தொழிலாளரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் மாதச் சம்பளத்தில், ஒரு சிறு தொகை இந்நிதிக்காகப் பிடிக்கப்படுகின்றது. முதலாளி அதனினும் மிகுதியாகச் செலுத்துகின்றார். அரசும் தன் பங்கை இடுகின்றது. அச்சிறு பிடித்தம் எதற்கென்று சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேட்பவர் அரியர். அப்பொருளிலிருந்தே தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் புத்தக உதவியும் வழங்கப்படுகின்றன. பெற்றோர் சம்பளத்திற்கு ஒரு வரம்பு உண்டு. விண்ணப்பம் அவர் வேலை செய்யும் கம்பெனியின் சான்றோடு செல்ல வேண்டும். இத்தகையோர் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் சேர்ந்தவரே. ஈ.எஸ்.ஐ. கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருத்தலை, மருத்துவம் விரும்பும் மாணாக்கர் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இல்லாதோர்க்கு உரியது. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நல வாரியங்களுள், காலணி, தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களைச் செய்வோர்க்கென்றே ஒரு வாரியம் தனியாக இருக்கின்றது. பதினெட்டு முதல் அறுபது வயது வரையுள்ளோர் இதில் உறுப்பினராகலாம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் முதல் பட்டமேற்படிப்பு வரை ஆண்டுதோறும் உதவி உண்டு. விடுதியில் தங்குவோர்க்குச் சற்று மிகுதி. தொகை பெரிதன்று, இரண்டு பருவத்துப் பரீட்சைக் கட்டணத்திற்கும் சில புத்தகங்களுக்கும் போதுமென்க.

இவ்வாரியத்தால் மிகுந்த பயன் அடையத்தக்கவர் யாவர் எனின், வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்மக்கள். ஆம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும், அப்பர் என்னும் மேற்பாகத்தை ஊசியும் நூலும் கொண்டு கையால் தைப்பது வீட்டுப் பெண்களின் வேலையாக நெடுநாள் நடந்துவருகின்றது. இடையில் நிற்கும் ஏஜெண்டு ஒருவர் வெட்டிய தோலைக் கொண்டுவந்து கொடுப்பார். தைத்ததை வாங்கிச் செல்வார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தையல் முடிந்த ஷூ கப்பலேறி அயல்நாட்டுக் கடையில் விலைபோகின்றது. தைத்தவள் பெயரோ எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. அவளுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை. தான் ஒரு தொழிலாளி என்று அவளே எண்ணுவதும் இல்லை. மகளிடம், அம்மா என்ன வேலை செய்கின்றார் என்று கேட்டால், வீட்டில்தான் இருக்கின்றார் என்று விடை வரும். விண்ணப்பத்தில் அந்த இடத்தை அவள் வெறுமையாக விடும்போது, தாய்க்குரிய வாரியத்தின் கதவைத் தன் கையாலேயே மூடிவிடுகின்றாள். பொருள் இல்லை என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில் இல்லாதது பொருள் அன்று, உழைப்புக்குச் சான்று.

பீடி சுற்றும் குடும்பங்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருப்பது காண்க. வேலூர், குடியாத்தம் பக்கத்தில் பீடித் தொழிலும் பெரும்பாலும் வீட்டுத் தொழிலே; சுற்றுவோர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பீடித் தொழிலாளர்க்கென நல நிதியும் அடையாள அட்டையும் ஏற்பட்டமையால், அவ்வட்டை உள்ளவரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் முதல் வகுப்பு முதற்கொண்டு உதவுகின்றது. பட்டப்படிப்பிற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும், தொழிற்கல்விக்கு 25,000 ரூபாயும் தருவது அதன் விதி. ஒரே தெருவில், ஒரே கூரையடியில், ஒருத்தி பீடி சுற்றுகின்றாள். மற்றொருத்தி ஷூ தைக்கின்றாள். முன்னவள் கையில் அட்டை இருத்தலால் அவள் மகன் தேறினான்.

அமெரிக்க நாட்டில் சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில் ஏழை மாணாக்கர் படிப்பதற்குப் பெரிதும் உதவுவது பெல் மானியம் என்பது. 1972 ஆம் ஆண்டு தோன்றிய இதற்கு 2024-25 இல் உச்சத் தொகை 7,395 டாலர்; திருப்பிக் கொடுக்க வேண்டாத பொருள். மாணாக்கர் ஒரே ஒரு விண்ணப்பம் இட்டால், மத்திய அரசின் மானியம், கடன், வேலையோடு கூடிய உதவி ஆகிய யாவற்றிற்கும் அதுவே போதும். அவ்விண்ணப்பமும் கடினமானது என்று அந்நாட்டார் குறைகூறுவதுண்டு! நம் மாணாக்கனோ மாநிலத் துறைகளுக்கு ஒரு தளத்திலும், மத்திய அரசுக்கு வேறொரு தளத்திலும், வாரியத்திற்கு மற்றொன்றிலும் தன் பெயரையும் தந்தை பெயரையும் மீண்டும் மீண்டும் பதிய வேண்டியிருக்கின்றது. 2019 ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், ஆம்பூர் வாணியம்பாடியார்க்குத் திருப்பத்தூரும், மேல்விஷாரத்தார்க்கு இராணிப்பேட்டையும் தலைமையிடமாயின. படிப்பது வேலூரில், சான்றிதழ் பெறுவது வேறு மாவட்டத்தில் என்னும் நிலையினரும் பலர்.

ஆகவே கல்லூரியிற் சேர்ந்தபின் உதவி தேடத் தொடங்குவது காலங்கடந்த செயல். வாரியத்தில் தாய் தந்தையர் பெயர் பதிவாகி, அது புதுப்பிக்கப்பட்டும் இருந்தாலன்றிப் பிள்ளை மனுக் கொடுக்க இயலாது. ஆதலின் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பதிவை முடித்தல் வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தின் வழியாகக் கோடை விடுமுறையிலேயே பெற்றுவிட்டால், ஜூன் மாதக் கூட்ட நெரிசலில் தாசில்தார் அலுவலகத்திற்கு நடக்க வேண்டியதில்லை. ஆதாரிலும், பள்ளி மாற்றுச் சான்றிதழிலும், வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஓரெழுத்தும் மாறாதிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க. நம் பக்கத்தில் ஒரே பெயரைத் தமிழ், உருது, ஆங்கிலம் என மூன்று வகையாக எழுதும் வழக்கம் உண்டாதலின் இதனால் வரும் இடர் சிறிதன்று. உதவித்தொகை ஆதாரோடு இணைந்த கணக்கிற்கே வருகின்றது. பள்ளிக்காலத்தில் தொடங்கிப் பல ஆண்டு தொடாது விட்ட கணக்கு உறங்கிப்போயிருப்பின், அனுப்பிய பணம் வந்த வழியே திரும்பிவிடும். முதலாண்டில் பெற்றவர் இரண்டாம் ஆண்டிலும் தானே வருமென்று இருந்துவிடலாகாது. பெரும்பாலான திட்டங்களில் ஒவ்வோராண்டும் புதுப்பித்தல் உண்டு, அதற்குரிய நாளைக் கல்லூரி அலுவலகத்து உதவித்தொகைப் பிரிவில் கேட்டறியலாம்.